ஈரச் சுவரும் நம் இல்லமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இயலும் இசையும் நாடகமும் முழங்க வேண்டிய மேடையில், குளியலறைக்கு அடுத்த சுவரில் தோன்றும் கறுப்புப் புள்ளிகளுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆயினும், இவ்வூரில் வாழும் நம் குடும்பங்கள் இரண்டு ஓரிடத்தில் கூடினால், பள்ளிக் கட்டணமும் தண்ணீர் லாரியும் பேசி முடிந்தவுடன் அடுத்து எழும் பேச்சு சுவர் ஓதத்தைப் பற்றியதாகவே இருக்கக் காண்கிறோம். சென்ற தீபாவளிக்கு முன்னர்ப் பல்லாயிரம் செலவிட்டு வண்ணம் பூசிய சுவர் இந்தத் தையில் மீண்டும் கறுத்து நிற்கிறது என்று வருந்தாத இல்லத்தரசியார் நம்முள் மிகச் சிலரே. ஆகவே இலக்கியச் சொற்பொழிவுகளுக்கு நடுவே இச்சிறு பொருளுக்கும் அரை மணி நேரம் ஒதுக்கிய செயற்குழுவினர்க்கு நன்றி கூறித் தொடங்குகிறோம்.

பூஞ்சணம், பூசணம், பூஞ்சை என்று நாம் பலவாறாகச் சொல்லும் இதனைக் கன்னட நண்பர்கள் ‘பூஷ்டு’ என்பர். பெயர் எதுவாயினும் இஃது அழுக்கு அன்று, கறை அன்று, உயிருள்ள பொருள். கண்ணுக்குத் தெரியாத இதன் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. இந்த மண்டபத்திலும் உண்டு. பளிங்கு போல் துடைத்து வைத்த வீட்டிலும் உண்டு. 1928ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் அலெக்சாந்தர் பிளெமிங் வைத்திருந்த கண்ணாடித் தட்டில் வந்து விழுந்து, பென்சிலின் என்னும் மருந்துக்கு வழிகாட்டியதும் இவ்வினத்தைச் சேர்ந்ததொரு வித்தே. ஆதலால் பூஞ்சணத்தை அடியோடு ஒழிப்போம் என்று எவரும் சூளுரைக்க வேண்டா. அது நடவாது.

வித்து முளைக்க உணவு வேண்டும், நீர் வேண்டும். உணவுக்கு வீட்டில் குறைவில்லை. சுவரில் படியும் தூசியும், வண்ணப்பூச்சில் கலந்த பசையும், மரமும், துணியும், தாளும் அதற்கு விருந்து. எனவே நம் கைக்கு எட்டுவது நீர் ஒன்றே. சுவரில் நீர் ஒழுக வேண்டும் என்பதும் இல்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 80 என்னும் அளவில் சில நாட்கள் நின்றாலே வித்துகள் முளைக்கத் தொடங்கும் என்பது ஆய்வாளர் கண்ட முடிவு. கறுப்புப் புள்ளியைக் கண்டதும் ‘எந்த மருந்தைத் தெளிப்பது?’ என்று கேட்கிறோம். ‘எந்த நீர் இங்கு வந்தது?’ என்றன்றோ முதலில் கேட்க வேண்டும்?

இந்தக் கேள்வி திருச்சியிலும் மதுரையிலும் வாழ்ந்தபோது நமக்கு இவ்வளவு எழவில்லை. அங்கே வெயில் நம் வீட்டு வேலைக்காரனாக இருந்தது. கேளாமலே சுவரை உலர்த்தியது. பெங்களூரோ கடல் மட்டத்துக்கு 3,000 அடி உயரத்தில் உள்ளது. மே மாதத்து மாலை இடியோடு தொடங்கும் மழை, தென்மேற்குப் பருவத்தையும் வடகிழக்குப் பருவத்தையும் தொட்டு நவம்பர் வரை நீள்கிறது. செப்டம்பரும் அக்டோபருமே மிகுந்த மழைக்காலம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை காணும் இவ்வூர், 2022ஆம் ஆண்டில் 1,900 மில்லிமீட்டரையும் கடந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஊரின் கிழக்குப் பகுதிகளில் வீடுகளுக்குள்ளேயே வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. மழை ஓய்ந்தவுடன் கோடை வருமா என்றால் அதுவும் இல்லை. மார்கழிக் குளிர் வருகிறது. இரவில் 15 டிகிரி அளவுக்கு இறங்கும் அக்குளிருக்கு அஞ்சி நாம் சன்னல்களை இறுக மூடுகிறோம். நனைந்த சுவர் உலர்வதற்கு முன்னரே வீட்டுக்குள் நம் மூச்சும் ஆவியும் அடைபடுகின்றன.

இவ்வூர் வீடுகள் எப்பொழுதும் இப்படி இருந்தனவா? இல்லை. 1898இல் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கிய பின்னர், நெருக்கமான பேட்டைத் தெருக்களை விட்டு மக்கள் வெளியேறிக் குடியேறிய மல்லேசுவரம், பசவனகுடி ஆகிய பகுதிகள் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் முதலிடம் தந்து அமைக்கப்பட்டன. வீட்டின் பின்புறத்திலும் ஒரு சந்து விட்டார்கள். கூரையை ஒட்டிச் சுவர்தோறும் வெண்டிலேட்டர் வைத்தார்கள். மங்களூர் ஓட்டின் இடுக்குகள் வழியே வெப்பக் காற்று வெளியேறியது. அந்நாளைய பழைய வீடுகளிலும் தரையிலிருந்து ஓதம் ஏறியது உண்மைதான். கருங்கல் அடித்தளத்தின்மேல் நின்ற சுண்ணாம்புச் சுவர் அதனை உறிஞ்சிப் பின்னர்க் காற்றில் விட்டுவிட்டது.

இன்றைய நிலையோ வேறு. முப்பதுக்கு நாற்பது அடி மனையில் மூன்று மாடி எழுகிறது. பக்கத்து மனையிலும் அவ்வாறே எழுகிறது. இரு வீட்டுக்கும் இடையே கை நுழையும் இடைவெளி. கொத்தனார் நுழைய வழியில்லை. ஆகவே, ஆறு அங்குலச் சிமெண்டுக் கட்டிச் சுவரின் வெளிப்புறம் பூச்சே காணாமல் நிற்கிறது. மேலிருந்து வடியும் மழைநீர் அவ்விடுக்கில் இறங்கிச் சுவர் வழியே படுக்கையறைக்குள் வருகிறது. உள்ளே இருப்பவர் வண்ணத்துக்குமேல் வண்ணம் பூசிக்கொண்டே இருக்கிறார். கொசுவுக்கு அஞ்சி வெண்டிலேட்டருக்குக் கண்ணாடி போட்டு அடைத்தாயிற்று. பழைய வீட்டை இடித்துக் கட்டிய அழகைப் பாராட்டுகிறோம். அதன் மூச்சை அடைத்ததைத்தான் பாராட்ட முடியவில்லை.

சுவருக்கு வரும் நீர் பெரும்பாலும் மூன்று வழியாக வரும். மழையும் குழாயும் ஒரு வழி. மொட்டை மாடியின் வெடிப்பு, கைப்பிடிச் சுவரின் அடி, சன்னல் மேற்கட்டு, குளியலறைக் குழாய் ஆகியவற்றின் வழியே இது வரும். பழுப்பு நிறத்தில் வளையம் வளையமாகக் கறை படியும். மழை பெய்தால் கறை அகலும். மழையே இல்லாத பங்குனியிலும் அக்கறை வளருமாயின் குழாயை ஐயுறுக. இன்று பல வீடுகளில் குளியலறைத் தளத்தை ஓர் அடி தாழ்த்தி, அதில் உடைசெங்கலை நிரப்பி, அதன்மேல் ஓடு பதிக்கிறார்கள். உள்ளே ஒரு குழாய் மூட்டு கசிந்தாலும் அந்தச் செங்கல் குவியல் சிறு குளமாகி, அடுத்த அறைச் சுவரையும் கீழ்வீட்டுக் கூரையையும் நனைக்கும்.

தரை மற்றொரு வழி. சுவரின் அடியிலிருந்து ஏறத்தாழ மூன்றடி உயரம் வரை ஓதம் ஏறும். வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். பூச்சு பொரிந்து உதிரும். இவ்வெள்ளைப் பொடியைப் பூஞ்சணம் என்று பலர் மயங்குகின்றனர். சிறிது எடுத்து நீரிலிட்டால் கரைந்துவிடும். அது மண்ணும் சிமெண்டும் தந்த உப்பே. உடலுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் அங்கே நீர் ஏறுகிறது என்பதற்கு அது சான்று. காவிரி நீர் நாள் விட்டு நாள் வருவதால் வீட்டுக்கு வீடு நிலத்தடித் தொட்டி வைத்திருக்கிறோமே, அதன் சுவர் கசிந்தாலும் இதே குறி தோன்றும்.

எஞ்சிய வழியைத்தான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனெனில் அதனை எவரும் காண்பதில்லை. அது வீட்டுக் காற்றிலுள்ள ஆவி. 25 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 60 ஈரப்பதமும் உள்ள அறைக்காற்றை எண்ணிப் பாருங்கள். நமக்கு இதமான காற்று. அதுவே 20 டிகிரிக்குக் குளிர்ந்த சுவரைத் தொடும்போது, அச்சுவரோரத்தில் ஈரப்பதம் நூற்றுக்கு 80ஐ எட்டுகிறது. சுவர் 17 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் காற்றிலுள்ள ஆவி நீர்த்துளியாகவே படிகிறது. வெயில் படாத வடக்குச் சுவரின் மூலையிலும், அலமாரியின் பின்புறத்திலும், கட்டில் தலைமாட்டிலும் கறுப்புப் புள்ளிகள் தோன்றும் மருமம் இதுவே. கூரை ஒழுகவில்லை, குழாய் கசியவில்லை, பின் எங்கிருந்து வந்தது என்று திகைக்கிறோம். காலையில் இட்லிப் பானை விட்ட ஆவியும், வெந்நீர்க் குளியலின் ஆவியும், மழைக்காலத்தில் கூடத்தில் கயிறு கட்டி உலர்த்திய துணிகளின் ஈரமும் போவதற்கு வழியின்றி அச்சுவரில் போய் அமர்ந்தன.

எந்த வழி என்று தெரியாதபோது ஓர் எளிய சோதனை உண்டு. ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை அந்த ஈரச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுக. இரண்டு நாள் கழித்துப் பார்க்க. தாளின் உட்புறம், அதாவது சுவரை நோக்கிய பக்கம் வியர்த்திருந்தால், நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கொத்தனாரை அழைக்க வேண்டும். அறையை நோக்கிய பக்கம் வியர்த்திருந்தால், நீர் அறைக்காற்றிலிருந்து வருகிறது. சன்னலைத் திறக்க வேண்டும். காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டினுள்ளே நூற்றுக்கு 60க்கு மேல் ஏறவிடாமல் பார்த்துக்கொள்வது நலம்.

இவ்வளவு ஆராய்ச்சி ஒரு கறுப்புப் புள்ளிக்கு வேண்டுமா என்போர்க்கு ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2009ஆம் ஆண்டில் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பற்றியே தனி வழிகாட்டி நூல் வெளியிட்டது. ஈரம் படிந்த வீடுகளில் வாழ்வோர்க்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா முதலியன மிகுதியாகக் காணப்படுகின்றன என்பது அதன் துணிபு. நம் பெங்களூரிலேயே குழந்தை மருத்துவர் எச். பரமேஷ் அவர்கள் தம் மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளைக் கணக்கெடுத்து, ஆஸ்துமா 1979இல் நூற்றுக்கு 9 ஆக இருந்தது 1999இல் 29.5 ஆக உயர்ந்ததைக் காட்டினார். அவ்வுயர்வுக்குப் பூஞ்சணமே காரணம் என்று நாம் கூற வரவில்லை; ஊர் பெருத்ததும் வண்டிப் புகையும் அதில் பெரும்பங்கு கொண்டவை. எனினும் வெளியே புகையில் இளைத்து வரும் பிள்ளை, இரவெல்லாம் பூஞ்சணம் பூத்த சுவரோரம் படுத்து உறங்குவது தகுமா?

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ராச்டேல் என்றோர் ஊர். சூடான் நாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம் அங்கே வீட்டுவசதி அமைப்பு ஒன்றின் சிறு வீட்டில் வாடகைக்கு இருந்தது. சுவரில் பூஞ்சணம் படர்கிறது என்று 2017ஆம் ஆண்டிலேயே தந்தை முறையிட்டார். அதன்மேல் வண்ணம் பூசிக்கொள் என்பதே விடை. மீண்டும் மீண்டும் முறையிட்டும் பயனில்லை. அவ்வீட்டிற் பிறந்து வளர்ந்த அவாப் இஷாக் என்னும் குழந்தை, இரண்டு வயது நிறைந்த சில நாட்களில், 2020 டிசம்பரில் மூச்சுத் தடையால் உயிர்நீத்தது. நெடுநாள் பூஞ்சணத்தில் வாழ்ந்ததே காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்புரைத்தார். குடும்பத்தாரின் வாழ்க்கை முறைதான் ஈரத்துக்குக் காரணம் என்று தாங்கள் ஊகித்ததையும், அவ்வூகம் தவறு என்பதையும் அந்த அமைப்பினர் பின்னர் ஒப்புக்கொண்டனர். குழந்தையின் பெயராலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சமுதாய வீடுகளில் பெரும் ஈரமோ பூஞ்சணமோ முறையிடப்பட்டால் உரிமையாளர் பத்து வேலை நாட்களுக்குள் வந்து ஆராய வேண்டும் என்கிறது அச்சட்டம்.

கடல் கடந்த கதை என்று இதனைக் கேட்டுவிட்டுப் போக நம்மால் முடியவில்லை. நம்முள் பலர் வாடகை வீட்டினர். பத்து மாத வாடகை வரை முன்பணமாகக் கொடுத்துக் குடிபுகுகிறோம். சுவர் கறுத்தால், ‘நீங்கள் ஓயாமல் ஆவியில் வேகவைக்கிறீர்கள், சன்னலைத் திறப்பதே இல்லை’ என்று உரிமையாளர் கூறுகிறார். ‘உங்கள் மாடி ஒழுகுகிறது’ என்று நாம் கூறுகிறோம். காலி செய்யும் நாளில் வண்ணப்பூச்சுக்கு ஒரு மாத வாடகை கழிக்கப்படுகிறது. பிறமொழியார் வீட்டில் இருக்கிறோம், பிணக்கு வேண்டா என்று வாய்மூடிப் போகிறவர் பலர். நம் தமிழ்க் குடும்பங்களிலேயே வீட்டுரிமையாளரும் உள்ளனர். அவர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களுக்கும் சொல்கிறோம்: இட்லி அவிப்பதால் வரும் ஈரம் உண்மையே, நாமே அதனைச் சொன்னோம். ஆனால் அடுக்களையில் ஆவிபோக்கி விசிறி வைக்க ஒரு துளை விடாத வீட்டில், அவிப்பவர்மேல் மட்டும் குற்றம் சாட்டுவது முறையா? பிளாஸ்டிக் தாள் சோதனையை இருவரும் சேர்ந்து நின்று பாருங்கள். தாள் எந்தப் பக்கம் வியர்த்ததோ அந்தப் பக்கத்தார் செலவை ஏற்கலாம். குடிபுகும் நாளிலேயே சுவர்களைப் படமெடுத்து இருவரும் வைத்துக்கொள்வதும், முறையீட்டை வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் தருவதும் பின்னர் எழும் பிணக்கைத் தவிர்க்கும்.

இனி, பூத்துவிட்ட பூஞ்சணத்தைக் களைவது எப்படி? மூன்றடிக்கு மூன்றடி அளவுக்கு உட்பட்டதை நாமே களையலாம். அதற்கு மேற்பட்டால் வேலை அறிந்தவரை அழைக்க வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் தேய்த்தல் கூடவே கூடாது; வித்துகள் வீடெங்கும் பறக்கும். மூக்குக்கு நல்ல முகமூடி, கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, சன்னலைத் திறந்து வைத்து, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர்த்துக. துடைத்த துணியை எறிந்துவிடலாம். இளைப்பு நோய் உள்ள பிள்ளைகளும் முதியோரும் அன்று அவ்வறைப் பக்கம் வர வேண்டா. பிளீச்சிங் நீரே சிறந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். மேற்பரப்பின் நிறத்தை அது வெளுக்கும். நுண்துளை நிறைந்த சுவருக்குள் வேரை விட்டுவைக்கும். அதனைப் பயன்படுத்துவோர் ஒன்றை மட்டும் உயிர்போல் காக்க வேண்டும்: கழிப்பறை கழுவும் அமிலத்தையோ அம்மோனியா கலந்த நீர்மத்தையோ அதனுடன் ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சு வாயு எழும். மூடிய குளியலறையில் அது உயிரையே பறிக்கக்கூடும்.

வண்ணம் பூசுவதைப் பற்றி நம் முன்னோரிடம் ஒரு முறை இருந்தது. போகிக்கு முன் வீடு முழுதும் சுண்ணாம்பு அடித்தார்கள். அக்காலத்தைக் கவனியுங்கள், ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து சுவர் உலரத் தொடங்கிய பின்னரே அந்த வேலை. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் எளிதில் முளைப்பதில்லை. சுவரின் ஈரம் அதன் வழியே வெளியேறவும் முடிந்தது. சட்டையில் ஒட்டுகிறது என்று நாம் அதனைக் கைவிட்டோம். அதுவும் மெய்யான குறையே. இன்று எமல்ஷன் பூசிய சுவரின்மேல் சுண்ணாம்பு அடித்தாலும் பிடிக்காது. ஆனால் காலத்தையுமா கைவிட வேண்டும்? ஆயுதபூசைக்கும் தீபாவளிக்கும் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, இவ்வூரில் மழை உச்சத்தில் நிற்கும் செப்டம்பரிலும் அக்டோபரிலும் பட்டி பார்த்து, பளபளக்கும் வண்ணம் பூசுகிறோம். சுவரில் உள்ள நீரை உள்ளேயே வைத்து மூடி முத்திரையிடுகிறோம். இரண்டே மாதத்தில் வண்ணம் கொப்புளிக்கிறது. கடைக்காரர் இன்னும் விலை உயர்ந்த வண்ணத்தைக் காட்டுகிறார்.

பெங்களூரில் மழை மிகக் குறைந்த காலம் சனவரி முதல் மார்ச்சு வரை. மார்ச்சுப் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 40க்கும் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. இப்பொழுது தை நடக்கிறது. இம்மாதமே மாடியையும் குழாயையும் பார்த்துப் பழுது நீக்குக. பொரிந்த பூச்சைச் சுரண்டிச் செங்கல் அல்லது கட்டி தெரிய விட்டுவிடுக. விருந்தினர் வந்தால் வெட்கமாக இருக்கும், இருக்கட்டும். பங்குனி வரை அச்சுவர் காற்றுக் குடிக்கட்டும். மீண்டும் பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்த்து, வியர்வை இல்லையென்று கண்ட பின்னரே பூச்சும் வண்ணமும். மே மாதத்து முதல் மழைக்கு முன் வேலை முடிந்துவிடும்.

நாள்தோறும் செய்யத்தக்கவை சிலவே. குளிர் எவ்வளவு இருப்பினும், வெயில் ஏறிய பின் பத்து மணியளவில் எதிரெதிர்ச் சன்னல்களை அரைமணி திறந்து வையுங்கள். குளித்த பின் குளியலறைக் கதவை மூடிச் சன்னலைத் திறந்துவிடுங்கள். பலர் இதனைத் தலைகீழாகச் செய்து, ஆவியைப் படுக்கையறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். பட்டுப் புடவைகள் வைத்திருக்கும் பெட்டி வெளிச்சுவரை ஒட்டி இருக்குமானால் அறையின் உட்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள்.

நம் வீடுகளில் ஊரிலிருந்து சுமந்து வந்த தமிழ் நூல்கள் இருக்கின்றன. தாத்தாவின் கையெழுத்திட்ட பழம் பதிப்புகளும் அவற்றுள் உண்டு. சில மறுபடியும் அச்சாகாதவை. தாளைப் போல் பூஞ்சணத்துக்கு இனிய உணவு இல்லை. இன்றிரவு வீடு திரும்பியதும் புத்தக அலமாரியைச் சிறிது நகர்த்தி, அதன் பின்சுவரை ஒருமுறை தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் நாளைக்கே நூல்களை வெளியே எடுத்து, நிழலில் காற்றாட வைத்து, உலர்ந்தபின் மென்மையான துணியால் வீட்டுக்கு வெளியே வைத்துத் துடைத்து, வேறு சுவருக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் தாள் சோதனையைச் செய்து காட்டுவதற்காக ஒரு சுருள் தாளும் ஒட்டுநாடாவும் கொண்டு வந்திருக்கிறோம். உரை முடிந்ததும் மண்டபத்தின் வடக்குச் சுவரிலேயே ஒட்டுவோம். நாளை மறுநாள் மாலை வருவோர் முடிவைக் காணலாம்.